இருபத்து நான்கு கணினிகளுக்கு ஒரு மூட்டை

"ரெண்டு மணி நேர வேலைங்க சார்" என்று ஒரு திங்கட்கிழமை காலையில் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாக வாயைத் திறந்து, நானாகச் சொன்னேன். அந்த வாரம் முழுவதும் நான் பட்ட பாட்டுக்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது என்பதுதான் இன்றுவரை எனக்கு எரிச்சல்.

சொன்ன இடம், எடப்பாடி ரோட்டில் உள்ள ஒரு தறி ஃபேக்டரியின் மேனேஜர் அறை. அங்கே பெட்ஷீட் துணி நெய்கிறார்கள். மேஜைமேல் வெளுத்த பெட்ஷீட் ஒன்று விரித்துக் கிடந்தது. கடுகளவு பொத்தல்கள். ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, வடக்கே இருக்கும் வியாபாரி சரக்கை மொத்தமாகத் திருப்பி அனுப்பிவிட்டார். மேனேஜருக்கு எதிரே ஒரு அக்கா நின்றுகொண்டிருந்தார். பத்தொன்பது வருடமாக அங்கே செக்கிங் மேஜையில் துணி பார்ப்பவர். அவர் பார்த்துவிட்ட துணியில் ஏழாம் நம்பர் சீலும், தறி நம்பர், பீஸ் நம்பரும் விழும். திரும்பி வந்த எல்லாவற்றிலும் ஏழாம் நம்பர்தான் இருந்தது.

"ஏம்மா, கண்ணு மங்கிப்போச்சுன்னா சொல்லிப்போடோணும்ல" என்றார் மேனேஜர்.

"பொத்தல் இருந்தா நான் பாத்திருப்பனுங்க. வெளுக்கப் போன எடத்துல ஆயிருக்கோணும்."

"அவிய இல்லங்கறாங்க."

"இல்லம்பாங்க. பின்ன ஆமான்னா சொல்லுவாங்க?"

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முதலாளி வருகிறார், அதற்குள் இது நெசவிலேயே இருந்த பொத்தல் இல்லை என்று யாராவது காட்டினால் சரி, இல்லாவிட்டால் அந்தம்மா மரியாதையாக வேலையைவிட்டு நின்றுகொள்ளலாம் என்று மேனேஜர் சொன்னார். அக்கா பெட்ஷீட்டின் ஓரத்தைப் பிடித்து ஒரு பொத்தலைச் சுண்டுவிரல் நகத்தால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் குறுக்கே புகுந்தேன்.

நான் அங்கே இருந்ததற்குக் காரணம் உண்டு. சேலத்தில் நாலு பேர் வேலை பார்க்கும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. துணியைப் படம் பிடித்துக் குறை கண்டுபிடிக்கும் மென்பொருள் செய்கிறோம். எட்டு மாதத்துக்கு முன் அதே அக்காவின் செக்கிங் மேஜைக்கு மேலே ஒரு கேமரா மாட்டினோம். மூன்று வாரம் நான் அவர் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். துணி மேஜைமேல் ஓடும், அடியில் டியூப்லைட் எரியும், அவர் பெடலை விட்டு நிறுத்தி ஒரு இடத்தைத் தொடுவார், நான் லேப்டாப்பில் ஒரு விசையை அழுத்துவேன். எண்ணெய்க் கறை, அறுந்த பாவு நூல், குறுக்கே விட்டுப்போன ஊடை நூல், பொத்தல். அவர் தொட்ட இடங்களை எல்லாம் வைத்து ஒரு லைப்ரரி எழுதினேன். லைப்ரரி என்றால் புத்தகம் இருக்கும் இடம் அல்ல. ஒரு தடவை எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு. மற்ற நிரல்கள் வேண்டும்போது அதைக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளும். என் லைப்ரரியிடம் ஒரு படத்தைக் கொடுத்தால் பொத்தல் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று சொல்லும்.

கேமரா மாட்டியதோடு ஃபேக்டரிக்காரர்களுக்கு ஆர்வம் தீர்ந்துவிட்டது. தறி நம்பர், பீஸ் நம்பரோடு படங்கள் மட்டும் நாள் தவறாமல் விழுந்து, மேனேஜரின் பீரோவில் ஒரு ஹார்டு டிஸ்க்கில் கிடந்தன. அதாவது திரும்பி வந்த சரக்கின் ஒவ்வொரு அடியும், வெளுக்கப் போகும் முன் எப்படி இருந்தது என்பதற்குப் படம் இருக்கிறது. அதைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். இரண்டு மணி நேரம் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு சேலம் பஸ்ஸில் திரும்பும்போதுதான் கணக்குப் போட்டேன். ஒரு படத்துக்கு என் லேப்டாப் எடுத்துக்கொள்ளும் நேரம், அந்தச் சரக்குக்கான படங்களின் எண்ணிக்கை, இரண்டையும் பெருக்கினால் ஆறு நாள். ராத்திரி பகல் நிறுத்தாமல் ஓட்டினாலும் அடுத்த ஞாயிறு ஆகும். வாடகைக் கணினிகளுக்கு இணையம் வழியாக ஏற்றிவிடலாம் என்றால், எங்கள் ஆபீஸ் லைனில் படங்கள் போய்ச் சேரவே ஒரு வாரம் பிடிக்கும். சங்ககிரி வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

வழி இல்லாமல் இல்லை. வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் சம்பந்தம் கிடையாது, எந்தப் படத்தை யார் முதலில் பார்த்தாலும் ஒன்றுதான். இருபத்து நான்கு கணினிகள் இருந்தால் என் லேப்டாப் தலைமைக் கணினியாக இருந்து படங்களைப் பங்கிட்டுக் கொடுக்கும், மற்றவை வேலையாட்கள் மாதிரி ஒரே நேரத்தில் பார்த்து விடையைத் திருப்பி அனுப்பும். நான் படித்த பொறியியல் கல்லூரி சங்ககிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே ஒரு லேபில் சரியாக இருபத்து நான்கு டெஸ்க்டாப்புகள், ஒவ்வொன்றும் என் லேப்டாப்பைவிட வேகம். வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருளும் பாடத்துக்காக அவற்றில் ஏற்கெனவே இருக்கிறது. துறைத் தலைவரிடம் போனில் கேட்டேன். பிராக்டிகல் இல்லாத நேரத்தில் எடுத்துக்கொள் என்றார். நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று மறுபடியும் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எனக்குப் புத்தி வருவதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை லேப் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே லேப் அண்ணன் பார்த்துவிட்டார். நாங்கள் படித்தபோதும் இதே அண்ணன்தான் லேப் அசிஸ்டென்ட். சாவிக்கொத்து, ரிஜிஸ்டர், இரண்டும் இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை.

"ஏம்மா, பாஸ் ஆயிட்டுத்தான போன? அரியர் ஏதாச்சும் இருக்குதா?"

"இல்லீங்கண்ணா. கம்ப்யூட்டருங்க வேணும்."

"எத்தன?"

"எல்லாம்."

அவர் ரிஜிஸ்டரை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு பீரோவைத் திறந்து ஒரு சாக்குப்பையை எடுத்து என் காலடியில் வைத்தார். உள்ளே நெட்வொர்க் கேபிள்கள், பாம்புக் குட்டிகள் மாதிரிச் சுருண்டு கிடந்தன.

"பசங்க இதப் போட்டுக் கேம்ல ஒருத்தனுக்கொருத்தன் சுட்டு வெளையாடறானுங்க. அதான் உருவி வெச்சுட்டேன். எண்ணிப் பாத்துக் கையெழுத்துப் போடு."

ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் குனிந்து கேபிள் சொருகினேன். முனையில் பூட்டு உடைந்தது எது, உடையாதது எது என்று பிரிக்கவே பத்து நிமிடம். மதியத்துக்கு மேல் எல்லாக் கணினிகளும் ஒன்றையொன்று பார்த்தன. என் லேப்டாப்பைத் தலைமையாக வைத்து, டிஸ்க்கை அதில் சொருகி, ஓட்டினேன். இருபத்து நான்கு வேலையாட்களும் உடனே பதில் சொன்னார்கள். இருபத்து நான்கு வரிகள். எல்லாம் ஒரே வரி. நீ சொல்லும் லைப்ரரி இங்கே இல்லை.

இல்லாமல் எங்கே போகும் என்று முதலில் கோபம் வந்தது. என் கண்ணெதிரே என் லேப்டாப்பில் இருக்கிறது, காலையில் பஸ்ஸில் ஓட்டிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. என் லேப்டாப்பில் இருக்கிறது. அவ்வளவுதான். தலைமைக் கணினி வேலையாட்களுக்கு, இன்ன படத்தை எடு, இன்ன லைப்ரரியைக் கூப்பிடு என்று சொல்லி அனுப்புகிறது. அவர்கள் தங்கள் தங்கள் வீட்டில் தேடுகிறார்கள். அங்கே என் லைப்ரரியும் கிடையாது, அது நம்பியிருக்கும் படம் படிக்கிற லைப்ரரியும் கிடையாது. இது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. அந்த மென்பொருளின் கையேட்டில் முதல் அத்தியாயத்திலேயே தனித் தலைப்புப் போட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரே கணினியில் பழகிய எனக்கு அந்தத் தலைப்பு தேவைப்படவில்லை, தாண்டிப் போயிருந்தேன்.

நாலு மணிக்கு அக்கா போன் செய்தார். டீ நேரம் போல, பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

"என்ன கண்ணு, ரெண்டு மணி நேரம் ஆச்சுங்களா?"

விளக்கினேன். தேவைக்கு மேலேயே விளக்கினேன். வேலையாட்கள், தலைமை, லைப்ரரி எல்லாம் சொன்னேன். அவர் இடையில் ஒரு தடவைகூட ம் கொட்டாமல் கேட்டுவிட்டு, "அப்ப ஆள அனுப்பிச்சுப்போட்டு ட்ரிம்மர் குடுக்காம உட்டுட்டயாக்கும்" என்றார். ட்ரிம்மர் என்பது நூல் பிசிறு வெட்டும் சின்னக் கத்தரி. செக்கிங்கில் இருக்கும் ஒவ்வொருவரும் அதைக் கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிட்டிருப்பார்கள், பொது இடத்தில் வைத்தால் காணாமல் போகும் என்று.

"அப்பிடித்தானுங்க்கா" என்றேன், முகம் சுருங்கி.

"எனக்கே தெரியுதே அது" என்றார். பெல் அடித்தது, வைத்துவிட்டார்.

புதன்கிழமை பென்டிரைவோடு போனேன். லேப் கணினிகளுக்கு இணையம் கிடையாது, அதனால் இரண்டு லைப்ரரிகளையும் ஒவ்வொன்றிலும் கையால்தான் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். அது லேப் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும், அவர் யாருக்கும் சொல்ல மாட்டார். ஒவ்வொரு கணினிக்கும் என்னோடு நடந்து வந்து, இடது கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டினார். இருபத்து நான்கு தடவை. ஒன்பதாவது கணினியிலேயே அது என்ன பாஸ்வேர்டு என்று எனக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் காட்டிக்கொள்ளாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பன்னிரண்டரை மணிக்கு முடிந்தது. ஓட்டினேன். தயார், தயார் என்று வரிகள் விழுந்தன, கடைசி வரை நான் எண்ணிப் பார்க்கவில்லை. படங்கள் ஓடத் தொடங்கின. ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, பசி தாங்காமல் கேன்டீனுக்குப் போனேன். தக்காளி சாதம் வாங்கி, நிதானமாகச் சாப்பிட்டேன். வாழ்க்கையில் நான் செய்த நிதானமான காரியங்கள் எல்லாம் இப்படித்தான் முடிந்திருக்கின்றன.

திரும்பி வந்தபோது லேப் இருட்டாக இருந்தது. கதவில் பூட்டு. அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, லைட்டெல்லாம்…"

"மெயின் ஆஃப் பண்ணிட்டேன். மதியச் சோறுக்கு மெயின் ஆஃப் பண்றதுதான."

பண்ணுவதுதான். எனக்குத் தெரியாததா. படித்த நாலு வருடமும் ஒன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் சுவிட்ச்போர்டு பக்கம் நடந்து போவார், நாங்கள் அலறிக்கொண்டு சேமிப்போம். ஒரு தடவை ஏதோ தீப்பொறி பறந்ததிலிருந்து, பூட்டும்போது மெயினை அணைக்காமல் அவர் அந்த அறையைவிட்டு வெளியே வருவதே இல்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டே நான் தக்காளி சாதம் சாப்பிட்டிருக்கிறேன்.

சரி, ஏற்றியது ஏற்றியதுதானே, மறுபடி ஓட்டினால் போயிற்று என்று நினைத்தேன். மெயினைப் போட்டார். கணினிகள் ஒவ்வொன்றாக எழுந்தன, எல்லாத் திரையிலும் கல்லூரிக் கட்டடத்தின் படம். லைப்ரரி எதிலும் இல்லை. மாணவர்கள் எதையாவது ஏற்றிக் கெடுத்துவிடுகிறார்கள் என்று, அணைத்துப் போட்டால் பழைய நிலைக்கே திரும்பும்படி ஒரு மென்பொருளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். காலையிலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து நடந்த நடையெல்லாம் அழிந்துபோயிருந்தது.

நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து அண்ணன் பக்கத்தில் வந்தார்.

"டி டிரைவுல போட்டிருந்தா இருந்திருக்குமே. சி மட்டுந்தான் அழியும்."

"இதக் காலையில சொல்லக் கூடாதுங்களாண்ணா?"

"நீ கேக்கலயே. கடகடன்னு பென்டிரைவச் சொருகுன. நெம்பத் தெரிஞ்ச புள்ள, நாம எதுக்குக் குறுக்க பேசோணும்னு உட்டுட்டேன்."

மறுபடி எழுந்தேன். மறுபடி பென்டிரைவ். இந்தத் தடவை டி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு, இரண்டு லைப்ரரிகளையும் அதில் வைத்து, அங்கே போய்த் தேடச் சொல் என்று தலைமைக் கணினியில் எழுதி வைத்தேன். சில கணினிகளில் டி டிரைவ் நிரம்பி வழிந்தது, யார் யாரோ இறக்கி வைத்த சினிமாக்கள். அண்ணன் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, இது நல்ல படம், இது தேறாது என்று சொல்லிக்கொண்டே அழித்தார். கடைசிக் கணினி முடியும்போது மணி ஐந்தாக ஐந்து நிமிடம். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் சுவிட்ச்போர்டு பக்கம் நடந்துகொண்டிருந்தார். போகட்டும், டி டிரைவ் அழியாது, நாளைக்கு ஓட்டிக்கொள்ளலாம்.

அன்று சாயங்காலம் அக்காவின் போனை நான் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை அங்கே பிராக்டிகல் பரீட்சை. ஒரு மணிக்குமேல்தான் லேப் எனக்கு. மெயினை மதியம் அணைக்க மாட்டேன் என்று அண்ணனிடம் முந்தின நாளே சத்தியம் வாங்கியிருந்தேன். ஒரு மணிக்கு உள்ளே போனேன். பையன்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மெயின் அணையாமல் இருந்தது. ஓட்டினேன். இருபத்து நான்கு வரிகள். நீ சொல்லும் லைப்ரரி இங்கே இல்லை.

ஒரு கணினியின் டி டிரைவைத் திறந்து பார்த்தேன். துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது.

"அண்ணா, டி-ல இருந்தது எங்கீங்க?"

"பரீச்சைன்னா டி-யத் தொடச்சுருவோம். முன்னாடி நாளே விடைய எழுதி வெச்சுட்டுக் காப்பி அடிப்பானுங்க. காலையில ஏழு மணிக்கே வந்து ஒட்டுக்கா தொடச்சேன்."

"எல்லாத்துலயுமா?"

"ஒண்ண உட்டா அதத்தான புடிப்பானுங்க."

அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் ஆத்திரத்தை அதிகமாக்கியது. அந்த லேபில் எதுவும் தங்கக் கூடாது, அதுதான் அவர் வேலையே. அதைத் திறமையாகச் செய்கிறார். தங்காத இடத்தில் கொண்டுபோய் இரண்டு நாளாகப் பொருளை வைத்துக்கொண்டிருந்தது நான்.

மணி ஒன்று பத்து. பென்டிரைவிலிருந்து மறுபடி ஏற்ற இன்னும் நாலு மணி நேரம் ஆகும், அதற்குள் லேப் பூட்டிவிடும். வேலையாட்களின் வீட்டில் எதையும் வைக்கவே கூடாது என்று முடிவு செய்தேன். வேலையை அனுப்பும்போதே கூடவே மூட்டையும் போக வேண்டும். இரண்டு லைப்ரரிகளையும் ஒரே ஜிப் மூட்டையாகக் கட்டி, தலைமைக் கணினியில் வைத்து, முதல் படத்தைக் கொடுப்பதற்கு முன் மூட்டையை எல்லாருக்கும் அனுப்பு என்று நாலு வரி எழுதினேன். எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதைப் பார்த்தபோது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஓட்டினேன். என் லைப்ரரி கிடைத்துவிட்டது என்றார்கள். படம் படிக்கிற லைப்ரரி கிடைத்தும் திறக்க முடியவில்லை என்றார்கள். நான் எழுதியது வெறும் எழுத்து, அதை மூட்டைக்குள் வைத்தபடியே படித்துவிடலாம். படம் படிப்பது அப்படி அல்ல, இயந்திர மொழிக்கு மாற்றிய கோப்புகள் அதில் உண்டு. மூட்டையைப் பிரித்து வெளியே எடுத்து வைத்தால்தான் கணினி அதைத் தொடும். சரி, வந்ததும் ஒரு தற்காலிக ஃபோல்டரில் மூட்டையைப் பிரி, பிரித்த இடத்திலிருந்து எடுத்துக்கொள் என்று இன்னும் மூன்று வரி. ஓட்டினேன். அதே பதில். ஏற்கெனவே விழித்திருக்கும் வேலையாட்களின் காதில் புதிய வரிகள் விழவில்லை, பழையதையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் நிறுத்தி மறுபடி எழுப்பினேன். பதினெட்டுப் பேர் தயார். கடைசி வரிசையில் ஆறு பேர் முடியாது என்றார்கள்.

"அந்த ஆறும் பழசு" என்றார் அண்ணன், பின்னால் நின்று பார்த்துக்கொண்டே. "பழைய லேபுல இருந்து தூக்கிட்டு வந்தது. உள்ள இருக்கறதும் பழசு."

"இதயும் நான் கேக்கலீங்களா?"

"இப்பத்தான் கேக்காமயே சொல்லிட்டனே."

பழைய பதிப்புக்கு வேறு கோப்புகள் வேண்டும். என் போன் வழியாக இணையம் எடுத்து, பழையதை இறக்கி, இரண்டாவது மூட்டை ஒன்று கட்டினேன். நீ யார், புதியவனா பழையவனா என்று முதலில் கேட்டு, அதற்குத் தகுந்த மூட்டையைக் கொடு என்று சொல்லிவைத்தேன். ஒன்று நாற்பத்தைந்துக்கு இருபத்து நான்கு பேரும் ஒன்றாக ஓடத் தொடங்கினார்கள். முடிய மீதி நேரம் என்று திரை காட்டியது, நாலு மணி நேரம். ஐந்து மணிக்கு லேப் பூட்ட வேண்டும். ஐந்து பத்துக்கு அண்ணனின் காலேஜ் பஸ்.

"சித்தெ நேரம் இருக்க முடியுங்களாண்ணா? அரை மணி, முக்கா மணி."

"அந்த பஸ்ஸ உட்டா ரெண்டு பஸ் மாறிப் போவோணும்."

"அந்தக்காவுக்கு நாளைக்குப் பதினொரு மணிக்குத் தெரிஞ்சாகோணுங்க. இல்லீன்னா வேலை போயிரும்."

அவர் கணினிகளை ஒரு பார்வை பார்த்தார். திரைகளில் துணியின் படங்கள் ஒவ்வொன்றாக வந்து வந்து போய்க்கொண்டிருந்தன.

"என்ற ஊட்டுக்காரிக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு. நாஞ்சொன்னா நம்ப மாட்டா."

பண்ணினேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. நான் சொல்லி முடித்ததும், "அவுரு மெதுவாவே வரட்டும் சாமி, எனக்கொண்ணும் அவசரமில்ல" என்றார் அந்த அம்மா. அண்ணன் காதில் விழுந்துவிட்டது. ரிஜிஸ்டரைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்குப் பழக்க தோஷத்தில் சுவிட்ச்போர்டு வரை போய்விட்டார். நான் எழுந்ததைப் பார்த்துத் திரும்பி வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது பொத்தல் இல்லாத துணியையும் பாக்குதா?"

"எல்லாத்தையும் பாக்குதுங்க."

"இல்லாததுக்கு எதுக்கு இத்தன பாடு?"

"இல்லீன்னு சொல்றதுக்குத்தானுங்கண்ணா."

ஐந்தே முக்காலுக்கு முடிந்தது, ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. திரும்பி வந்த பெட்ஷீட்டுகள் நூற்றுக்கணக்கில். வெளுக்கப் போகும் முன் பிடித்த படங்களில் பொத்தல் என்று என் நிரல் சொன்னவை ஒன்பது. ஒன்பதையும் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு பஞ்சுத் துணுக்கு. மீதி ஏழும் பொத்தல்தான், சந்தேகமே இல்லை. எல்லாம் பன்னிரண்டாம் தறி, எல்லாம் ஒரே நாள்.

அந்த ஏழைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பட்டியலிலிருந்து ஏழு வரிகளை எடுத்துவிட எத்தனை நொடி ஆகும் என்று எனக்குத் தெரியும். முதலாளி படங்களை ஒவ்வொன்றாகவா பார்க்கப் போகிறார். அண்ணன் மெயினை அணைத்துப் பூட்டியதும், வெளியே படிக்கட்டில் நின்று அக்காவைக் கூப்பிட்டேன்.

"மிச்சமெல்லாம் சுத்தமா இருக்குதுங்க்கா. ஏழுல மட்டும் பொத்தல் இருக்குது."

"எந்தத் தறி?" என்றார்.

"பன்னெண்டு." தேதியையும் சொன்னேன்.

"பன்னெண்டு அன்னைக்குத் தகராறு பண்ணுச்சு. ரெண்டு பீஸ ஒதுக்கிப் போட்டேன். இன்னும் ஏழு உட்டிருக்கேன்போல."

"அத எடுத்துட்டுக் குடுக்கட்டுங்களாக்கா?"

"எதுக்கு? ஏழ எடுத்தா மிச்சத்த ஆரு நம்புவாங்க? அது நான் உட்டதுதான், அப்பிடியே வெய்யி. நானே சொல்லிக்கறேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு முதலாளி வரவில்லை. பன்னிரண்டே காலுக்கு வந்தார், போனில் பேசிக்கொண்டே. பட்டியலைக் கொடுத்தேன், படங்களைத் திரையில் காட்டினேன். பெட்ஷீட்டில் சிவப்பு வட்டம் போட்ட ஒரு இடத்தையும், அதே இடம் வெளுக்கும் முன் இருந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். படத்தில் துணி முழுசாக இருந்தது. ஐந்தாறு இப்படிக் காட்டியதும் அவர் போனைக் கீழே வைத்தார். பட்டியலின் கடைசிக்கு வந்தார்.

"இந்த ஏழு என்ன?"

நான் வாயெடுப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டார்.

"அது நான் உட்டதுங்க. பன்னெண்டாம் தறி. மத்தது எதுவும் என்ற கைய உட்டுப் போறப்ப பொத்தல் இல்லீங்க."

முதலாளி மேனேஜரைப் பார்த்தார். "வெளுக்கறவங்களக் கூப்புடுங்க" என்றார். மேனேஜர் ஏதோ தேட ஆரம்பித்தார், மேஜைமேல் இருந்த எல்லாவற்றையும் தூக்கித் தூக்கி வைத்தார். "நீ போயி வேலையப் பாரும்மா" என்று முதலாளி அக்காவிடம் சொன்னதோடு அந்தக் கூட்டம் முடிந்தது. கண் மங்கிப்போச்சு என்று சொன்னதைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் பேசலாமா என்று பார்த்தேன். அக்கா என் முழங்கையைத் தொட்டு வெளியே கூட்டி வந்துவிட்டார்.

மேஜைக்கு வந்ததும் ட்ரிம்மரை இடுப்பில் சரி பார்த்துக்கொண்டு, துணியை இழுத்துப் போட்டார். பெடலில் காலை வைத்துவிட்டு அழுத்தாமல் நின்றார்.

"இந்தச் சீட்டு தெனமும் போட முடியுமா?"

"முடியுங்க்கா." யோசிக்காமல் சொன்னேன். யோசிக்காமல் சொல்வது எனக்கு வழக்கம்.

"அப்ப மொதல்ல எனக்கு வரோணும். மேனேஜருக்குப் பொறவு. உட்டது என்னன்னு அன்னைக்கே தெரிஞ்சா, லாரி ஏறறதுக்குள்ள நானே எடுத்துருவேன்ல."

அதைச் செய்து முடிக்க மூன்று வாரம் பிடித்தது. ஃபேக்டரி ஆபீஸில் இருந்த நாலு கணினிகளைப் பிடித்தேன். நாலும் நாலு விதம், நாலுக்கும் மூட்டை கட்டினேன். அதில் நான் பட்ட பாட்டை எழுதினால் இன்னும் இவ்வளவு ஆகும். முதல் சீட்டு வந்த மதியம் அதைக் கையில் எடுத்துக்கொண்டு தறிகளுக்கு நடுவே நடந்து போனேன். மேனேஜர் தன் அறை வாசலில் நின்று கையை நீட்டினார்.

"பத்து நிமிசம் பொறுங்க சார்" என்று சொல்லிவிட்டு அக்காவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மூன்று வரி இருந்ததை இரண்டு தடவை படித்தார். பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டு, லாரிக்குக் கட்டி வைத்திருந்த துணிப் பேல்களின் பக்கம் போய், ஒன்றின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.